முதுகில் ஜவ்வு விலகியவர் உடற்பயிற்சி செய்யலாமா, படுத்தே இருக்க வேண்டுமா?

ஸ்கேனில் எல்5-எஸ்1 ஜவ்வு விலகல், அதாவது இடுப்பின் கடைசி முதுகெலும்புக்கும் அதன் கீழே உள்ள எலும்புக்கும் இடையிலான ஜவ்வு விலகல், என்று வந்ததிலிருந்து வீட்டார் உங்களை அசையவே விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயது நாற்பதுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உடற்பயிற்சி செய்யலாம், செய்யத்தான் வேண்டும். நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் இந்த வலியோடு வாழ்ந்தவள் என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன்.

நிரம்பிய கேஸ் சிலிண்டர் உருளையையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 2018-ல் அதைக் குனிந்து, இடுப்பைத் திருப்பியபடி இழுத்தபோதுதான் எனக்கு அதற்கு ஒரு படி மேலே உள்ள எல்4-எல்5 ஜவ்வு விலகியது. மூன்று வாரம் படுத்தே கிடந்தேன். எழுந்தபோது வலி குறையாமல் இருந்ததோடு, கால்களில் இருந்த வலுவும் போயிருந்தது. அதன் பிறகு உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு யோகா வகுப்புக்குப் போய், முழங்காலை மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொடப் பழகினேன். நான்காம் நாள் இடது கால் பெருவிரல் மரத்துப்போனது. யோகாவைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இரவெல்லாம் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதையும், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவதே அதன் மீது அதிக அழுத்தம் தரும் என்பதையும் அந்த வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

பின்னர் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்தச் சொன்னார். பத்து முறை செய்ததும், வலி எதுவரை இருக்கிறது என்று கேட்டு, கெண்டைக்காலில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான்கு நாளில் அந்தக் கோடு முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இடுப்பில் மட்டும் வலி கூடியிருந்தது. நான் பயந்தேன், அவரோ நல்ல அறிகுறி என்றார். வலி காலைவிட்டு முதுகை நோக்கி ஒதுங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு உகந்தது, காலுக்குள் இறங்கினால் அன்றே நிறுத்த வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி 1956-ல் ஒரு நோயாளியிடம் தற்செயலாகக் கண்டு வளர்த்தெடுத்த முறை இது. தண்டுவடக் குழாய் சுருங்கிய முதியவர்களுக்குப் பின்னால் வளைவதே வலியைக் கூட்டக்கூடும். ஆகவே என் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் முதுகை ஒருவர் நேரில் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

கால்வலி அடங்கிய பின், கையையும் முழங்காலையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒரே நேரத்தில் நீட்டிப் பத்து விநாடிக்கு மேற்படாமல் நிறுத்தும் பயிற்சியைச் சேர்த்தார். அதோடு நடை. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், வலி திரும்ப வருவதற்கான இடைவெளி இவை எதுவும் பெறாதவர்களுக்கு 112 நாளாக இருக்க, ஆலோசனையோடு நடைப்பயிற்சியும் பெற்றவர்களுக்கு 208 நாளாக நீண்டது. நான் முதலில் ஐந்து நிமிடம்தான் நடந்தேன்.

வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சிதானே என்று பின்னூட்டத்தில் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: துணி துவைப்பதும் தரையைத் துடைப்பதும் நாள் முழுவதும் முதுகைக் குனியவைக்கும் வேலைகள்; அவற்றால் முதுகு தேய்கிறது, வலுப்பெறுவதில்லை. இதைப் புரியவைக்க எங்கள் வீட்டில் எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம். விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.