சிரிக்கலாம், அனுப்ப வேண்டாம்

கேள்வி: 'இறந்துபோன கோடீஸ்வரருக்கு வாரிசு இல்லை, அவர் பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றுகிறோம், நாற்பது சதவீதம் உங்களுக்கு' என்று எனக்கு அடிக்கடி மெயில் வருகிறது. நான் அழிப்பதில்லை, கிண்டலாகப் பதில் போடுகிறேன். போன மாதம் ஒருவருக்கு, 'அவ்வளவு பணத்துக்கு வீட்டில் இடமில்லை, உங்களிடமே இருக்கட்டும், வட்டி மட்டும் மாதாமாதம் அனுப்பிவிடுங்கள்' என்று எழுதினேன். பதினொரு பதில் வரை அவரை இழுத்தடித்தேன். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாவற்றையும் உங்கள் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன். வாசகர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் இந்தக் கும்பல் கடையைக் கட்டிவிடும் அல்லவா? பேராசைக்காரர்கள்தானே இதில் மாட்டுகிறார்கள், அவர்களுக்காக நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?
– பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பதினொன்றையும் படித்தேன். ஐந்தாவதில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பணத்தை விடுவிக்கப் பத்திரச் செலவு கட்டச் சொல்கிறார் அவர். 'அதை என் நாற்பது சதவீதத்தில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்' என்கிறீர்கள் நீங்கள். அவரால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வங்கி விதி இடம் கொடுக்காது என்கிறார், அப்புறம் வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார், கடைசியில் உங்கள் மேல் கோபித்துக்கொள்கிறார். இந்த மோசடியின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கோடிகளைக் கையில் வைத்திருப்பவருக்கு நம்முடைய சின்னத் தொகை எதற்கு? லாட்டரி என்று வரட்டும், பரம்பரைச் சொத்து என்று வரட்டும், கடன் தருகிறோம் என்று வரட்டும், உங்களுடைய அந்த ஒரு வரி போதும்.

சரி, அதே பதிலின் அடியைப் பாருங்கள். உங்கள் முழுப் பெயர், பதவி, அலுவலக முகவரி, கைப்பேசி எண். மெயில் தானாகச் சேர்க்கிற கையெழுத்துப் பகுதியை நீங்கள் நீக்கவே இல்லை. பதினொரு தடவையும் அது போயிருக்கிறது. வெறும் பதிலே போதும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கிறார், பதில் போடுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட முகவரிகளைப் பட்டியலாகத் தொகுத்து ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் அதோடு உங்கள் எண்ணையும் பதவியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். இனி உங்கள் பேரைச் சொல்லி உங்கள் அலுவலகத்தில் இன்னொருவருக்கு மெயில் போவதற்கு வேறென்ன வேண்டும்? கையெழுத்துப் பகுதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த ஆளுக்குப் பன்னிரண்டாவது பதில் வேண்டாம்.

பதில் போட்டு அலைக்கழிப்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு நம்ப முடியாதபடி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அவர் சொன்ன காரணம் என்னை நிமிர வைத்தது. அது ஒரு சல்லடை. மெயில் அனுப்பச் செலவே இல்லை, பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசுவதற்குத்தான் உழைப்பு. அதனால் சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டுப் போய்விட வேண்டும், கடைசி வரை வரக்கூடியவர் மட்டும் மிஞ்ச வேண்டும். அப்படிப் பார்த்தால், பணம் தரப்போகாத ஒருவர் சல்லடையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு நஷ்டம்தான்.

அதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்து நகைச்சுவையாளர் ஜேம்ஸ் வீச் தொடக்கத்தில் சொந்த முகவரியிலிருந்தே பதில் போட்டுத் தொல்லைப்பட்டு, பிறகு புனைபெயர் முகவரியையே பயன்படுத்தச் சொன்னார். வங்கி, வக்கீல் எல்லாவற்றுக்கும் மிட்டாய்ப் பெயர்களைக் குறிச்சொல்லாக வைத்து, மோசடிக்காரரையே அந்தப் பெயர்களில் எழுத வைத்தார். நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு 2017-இல் மனிதரே தேவையில்லாத ஒரு வழியைக் கொண்டுவந்தது. வந்த மெயிலை அவர்களுக்கு அனுப்பினால் போதுமாக இருந்தது, கணினி நிரலே வேறு முகவரியிலிருந்து முடிவில்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான், சொந்த முகவரி வெளியே போகக் கூடாது, கவனியுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். எனக்கு வருத்தம் தந்த வரி அது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க மதிப்பெண் பட்டியல் போட்டவருடைய ஒழுங்கு அவரிடம் இன்னும் இருக்கிறது. வந்த மெயில், போட்ட பதில் எல்லாவற்றையும் அச்செடுத்து, துளையிட்டு, தேதிவாரியாக நாடாவில் கோத்து ஒரு கோப்பு வைத்திருந்தார். முதல் கடிதத்தில் பேராசைக்கு இடமே இல்லை. புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் ஒரு விதவை, தன் சொத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்க நேர்மையான ஒருவரைத் தேடுகிறார். இவர் ஒப்புக்கொண்டார். பதிவுக் கட்டணம், வரிச் சான்றிதழ், வழக்கறிஞர் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றும் 'இதுவே கடைசி'. நான்காவது கட்டணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து வேறொரு பேரில் மெயில் வந்தது. நாங்கள் மோசடித் தடுப்பு அதிகாரிகள், நீங்கள் இழந்த பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத் தர ஒரு சிறு கட்டணம். அதையும் கட்டினார்.

இதில் எந்த இடத்தில் பேராசை இருக்கிறது என்று காட்டுங்கள். முதலில் இரக்கம். பிறகு தன் பணம் திரும்ப வந்தால் போதும் என்ற தவிப்பு. ஏமாந்தவரையே இரண்டாம் முறை குறிவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அவர் பேர்தான் பட்டியலில் இருக்கிறதே.

இரண்டு வருடம் அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உறவினர்கள் கூடியிருந்த ஒரு நாள், இப்படி ஒரு மெயிலை யாரோ சத்தமாகப் படித்து, 'இதையும் நம்புகிற முட்டாள் இருக்கிறானே' என்றார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். என்னிடம் அதைச் சொல்லும்போது கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். 2005-இல், வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசுகளில் இலக்கியப் பரிசை இந்த மெயில்களை எழுதும் நைஜீரியப் பேர்வழிகளுக்கே அறிவித்தார்கள். அன்றைக்கு நானும் ரசித்தவன்தான். கோப்பைப் பார்த்த பிறகு அப்படி ரசிக்க முடியவில்லை.

இந்தக் கதை இணையத்தோடு பிறந்ததும் இல்லை. குற்றவாளியாக இருந்து பின்னால் பாரிஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரான விடோக், 1828-இல் வெளிவரத் தொடங்கிய தன் நினைவுக்குறிப்புகளில் இதே வகைக் கடிதங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தப்பியோடிய பிரபுவின் பணியாள், ஒளித்து வைத்த நகைப்பெட்டி, அதை எடுக்கக் கொஞ்சம் செலவுப் பணம். சிறையிலிருந்து நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்கிறார். ஏமாறுவது ஏதோ சில மடையர்களின் குணம் என்றால் இருநூறு வருடமாக இந்தக் கடை நடந்திருக்காது.

எதிர்ப்பக்கம் இருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதில் போட்டு விளையாடுகிறவர்களில் சிலர் மோசடிக்காரர்களை இழிவான வாசகம் எழுதிய அட்டையைப் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அந்தப் படங்களைப் பரிசுக் கோப்பைகள்போல் வரிசையாக வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்றது. வேலை என்று நம்பிப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் அரட்டைச் செய்தி வழி மோசடி, உங்களுக்கு எழுதியவர் அவர்களில் ஒருவராக இல்லாமலும் இருக்கலாம். திரைக்குப் பின்னால் இருப்பது முதலாளியா, அடிமையா என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

உங்கள் நகைச்சுவையைக் கைவிடச் சொல்லவில்லை, நன்றாக எழுதுகிறீர்கள். அந்த மெயில் வந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பதிலையும் படியுங்கள். கிண்டல் கடிதத்தின் மேல் இருக்கட்டும், 'யார் நம்புவார்' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அந்த அறையிலேயே ஒருவர் கோப்பை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் பேசினேன். விதவையின் முதல் கடிதத்தை அடுத்த இதழில் அப்படியே வெளியிடச் சம்மதித்திருக்கிறார். அதன் கீழே, கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொன்ன உங்கள் ஐந்தாவது பதிலைப் போட விரும்புகிறேன். அனுமதி கொடுங்கள். கையெழுத்துப் பகுதியை நாங்களே நீக்கிவிடுகிறோம்.