கொடியைப் பார்த்தது போதும், சட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: பசிபிக் கடலில் நியுவே என்று ஒரு தீவாம். மொத்த ஜனத்தொகையே 1,700 பேர்தானாம். அதற்குத் தனிக் கொடி, தனிக் கீதம், 20 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம்! எங்கள் தெருவில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். செலவுக்குப் பணம் கொடுப்பதோ நியூசிலாந்து. இந்தக் கேலிக்கூத்து எதற்கு? இந்தியா இதையெல்லாம் ஒரு நாடு என்று ஏற்கிறதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: 'கேலிக்கூத்து' என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தலையை எண்ணித்தான் உரிமை கொடுப்பது என்று ஆரம்பித்தால், அந்தக் கணக்கில் நாளைக்கு யார் வேண்டுமானாலும் சிறுபான்மை ஆகிவிடலாம்.

நீங்கள் சிரித்த அந்தக் கொடியை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். முழுக்கப் பொன்மஞ்சள். இடது மேல் மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக். அதில் உள்ள சிவப்புச் சிலுவையின் நான்கு கைகளிலும் கைக்கு ஒன்றாகச் சின்ன மஞ்சள் நட்சத்திரம். நடுவில் ஒரு நீல வட்டம், அதற்குள் சற்றே பெரிய இன்னொரு நட்சத்திரம். வரைந்தவர் பாட்ரிசியா ரெக்ஸ். தீவின் முதல் பிரிமியர், அதாவது அரசுத் தலைவர், ராபர்ட் ரெக்ஸின் மனைவி. 1975-ல் இந்தக் கொடிக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். எது எதைக் குறிக்கிறது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். நான்கு சின்ன நட்சத்திரங்கள், தென்வானில் தெரியும் தென்சிலுவை விண்மீன் கூட்டம். நீல வட்டத்துக்குள் இருப்பது, ஆழ்கடல் நடுவே தன்னைத்தானே ஆளும் நியுவே. மஞ்சள், தீவின் வெயில். கூடவே நியூசிலாந்து மக்கள் மேல் அவர்களுக்குள்ள பாசம். யூனியன் ஜாக், 1900-ல் பிரிட்டன் தந்த பாதுகாப்பு. அதைத் தீவின் அரசர்களும் தலைவர்களும் கேட்டுத்தான் பெற்றார்கள் என்பதையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்களை யாரும் ஜெயித்துப் பிடிக்கவில்லை, நாங்களாகக் கூப்பிட்டோம் என்று தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்கிறார்கள். வெறும் பெருமைப் பேச்சும் அல்ல. 1887-லேயே அரசர் ஃபதா-ஆ-இகி விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். கேட்டது பாதுகாப்பு. ஆனால் 1901-ல் நியூசிலாந்து தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, குக் தீவுகளின் நிர்வாகத்தோடு முடிச்சுப் போட்டது. நியுவே மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்ப்புத் தெரிவித்து, சில ஆண்டுகளிலேயே தனி நிர்வாகம் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் அவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

சரி, 20 உறுப்பினர்கள் எதற்கு? தீவில் 14 ஊர்கள். ஊருக்கு ஒருவர் வீதம் 14 பேர். மீதி ஆறு பேரை மொத்தத் தீவும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. நூறு பேர்கூட இல்லாத ஊருக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. நிலமும் குடும்பமும் ஊரை ஒட்டியே இருக்கிற இடத்தில், ஓர் ஊரை விட்டுவிட்டுச் சட்டம் போடக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இனி உங்கள் பணக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நீங்கள் விஷயத்தையே தவறவிட்டிருக்கிறீர்கள். 1974-ல் ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சுயாட்சிக்குச் சரி என்றார்கள். அக்டோபர் 19 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்காக நியூசிலாந்து நிறைவேற்றிய சட்டத்திலேயே, நியுவேக்குப் பொருளாதார உதவியும் நிர்வாக உதவியும் தொடர்ந்து செய்வது தன் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பணம் தர்மம் அல்ல, உடன்படிக்கை. பணம் கொடுப்பதால் மூக்கை நுழைக்கவும் முடியாது. நியுவே கேட்டால் ஒழிய, நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டன் போடும் சட்டம் அங்கே செல்லாது. நியுவேயின் அரசமைப்பைத் திருத்தவேண்டுமானால் அவர்களுடைய சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்புறம் மக்களிடம் வாக்கெடுப்பும் நடத்த வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? நார்ஃபோக் தீவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, 35 சதுர கிலோமீட்டர். 1856-ல் பிட்கெய்ர்ன் தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் சந்ததி இன்னும் அங்கே வாழ்கிறது. ஜூன் 8, அவர்கள் வந்து இறங்கிய நாள், அங்கே பெரிய திருநாள். தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். பச்சை, வெள்ளை, பச்சைப் பட்டைகளுக்கு நடுவே நார்ஃபோக் பைன் மரம் நிற்கும் அழகான கொடியும் உண்டு. 1979-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அவர்களுக்கு ஒன்பது பேர் கொண்ட சட்டமன்றத்தைக் கொடுத்தது. வரி, குடியேற்றம், தபால்தலை எல்லாம் அவர்கள் கையில். பிறகு சுற்றுலா படுத்தது, கஜானா காலியானது, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவிடம் உதவி கேட்டு நிற்கவேண்டி வந்தது. 2015 மே மாதம் தீவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். எங்கள் அரசியல் எதிர்காலத்தை நாங்களே முடிவுசெய்ய வேண்டும் என்று 68 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே மாதம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; ஜூன் 17 அன்று சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் இடத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு வட்டாரக் கவுன்சில் வந்தது. கொடியை யாரும் இறக்கவில்லை. சட்டம் போடும் அதிகாரம் மட்டும் போய்விட்டது.

கொடுத்த கையே எடுத்துக்கொள்ள முடிகிற சுயாட்சி அது. எனக்கு அதில் கோபம் உண்டு. கடனில் இருக்கிற சின்ன ஊரிடம் பணத்தைக் காட்டி உரிமையை எழுதி வாங்குவது எந்தப் பெரிய நாட்டுக்கும் அழகல்ல. கடனுக்கு வழி கண்டிருக்கலாம், சட்டமன்றத்தை விட்டுவைத்திருக்கலாம்.

நியுவேயிலும் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். அங்கே பிறந்தவர்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். 1970களின் தொடக்கத்தில் விமான நிலையம் வந்ததும் வேலை தேடிக் கிளம்பியவர்கள் பலர் திரும்பவில்லை. ஒரு காலத்தில் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த தீவு இது. இன்று நியூசிலாந்தில் வாழும் நியுவே வம்சத்தார் முப்பதாயிரத்துக்கும் மேல். 2004 ஜனவரியில் ஹேட்டா புயல் தலைநகர் அலோஃபியைச் சின்னாபின்னமாக்கியது. அப்போதே இந்தத் தீவு இனித் தேறுமா என்று வெளியில் பேசினார்கள்.

தேறியது மட்டுமல்ல. 2020-ல் நியுவே தன் கடலில் 40 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1,27,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உங்கள் தெருவைவிடச் சின்ன ஊர் என்றீர்களே, அந்த ஊர் எடுத்த முடிவு இது. வெலிங்டன் அவர்களுக்காக எடுத்துக்கொடுத்த முடிவல்ல.

கடைசிக் கேள்விக்குப் பதில்: ஐ.நா.வில் நியுவே உறுப்பினர் அல்ல, ஆனால் யுனெஸ்கோவிலும் உலகச் சுகாதார நிறுவனத்திலும் உறுப்பினர். இந்தியா 2012-லேயே அதனுடன் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டுவிட்டது. அமெரிக்கா 2023-ல்தான் அங்கீகரித்தது.