தளம் மெதுவாக இருக்கிறது, பெரிய திட்டத்துக்கு மாறலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், தேக்காவில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். இணையத்திலும் விற்கிறேன். தீபாவளி நெருங்க நெருங்க, மாலை நேரத்தில் தளம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனமோ, மாதம் 45 வெள்ளி கூடுதலாகக் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறது. மாறலாமா?

பதில்: இப்போதே கட்டாதீர்கள். முதலில் உங்கள் தளத்தின் அக்சஸ் லாகைக் கேட்டு வாங்குங்கள். யார், எப்போது, எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்று சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு அது. ஆனால் வழக்கமான அமைப்பில், பதில் தர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது அதில் இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பலரும் பகிரும் சர்வரில் இதை நீங்களே மாற்ற முடியாது, மின்னஞ்சலில் கேளுங்கள். தயங்கினால், எதை அளந்து பெரிய திட்டத்தைப் பரிந்துரைத்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவர்கள் வைத்திருப்பது என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் என்றால், பதிவில் இரண்டு எண்கள் வேண்டும். ரிக்வெஸ்ட் டைம் என்பது, வாடிக்கையாளரின் கோரிக்கை வரத் தொடங்கியதிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி முடிக்கும் வரை ஆன மொத்த நேரம். அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் என்பது, பின்னால் இருக்கும் உங்கள் கடை மென்பொருள் பதில் தர எடுத்த நேரம். முதலாவது 6.4 விநாடி, இரண்டாவது 0.2 என்றால் மென்பொருள்மீது குற்றமில்லை. வாடிக்கையாளரின் இணைப்பு மெதுவாக இருக்கலாம், பக்கம் கனமாக இருக்கலாம். சேலைப் படங்களைச் சுருக்கிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

இரண்டுமே 6 விநாடியைத் தாண்டினால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தேடல் பக்கம் மட்டும் இழுக்கிறதா? தளத்தை எழுதித் தந்தவரிடம் போங்கள். எல்லாப் பக்கமும், கூட்டம் வரும் மாலையில் மட்டும் இழுத்தால் சர்வர் திணறுகிறது என்று எண்ண இடமுண்டு. அப்போது மாறுவதில் நியாயம் இருக்கிறது. சராசரியை நம்பாதீர்கள், வேகமான நூறு வரிகளுக்குள் மெதுவான ஐந்து மறைந்துபோகும்.

அப்புறம், அலகைக் கவனியுங்கள். அப்பாச்சி என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் இந்த நேரம் மைக்ரோ விநாடியிலும், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலும் வரும். 64,00,000 என்று பார்த்துப் பதறாதீர்கள், அதுவும் 6.4 விநாடிதான்.

மாறுவதானால், எது சரியாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காக வாங்கும் சேவை என்பதால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவி கிடைக்காது. ஆனால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் கோரலாம்.