ரீச்சர் பதில்கள்: அறைத்தோழியின் பைக்குள் ஒரு துவக்கு

கேள்வி: ரீச்சர், என் மூத்த மகள் டெக்சாஸில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் முதுமாணி படிக்கிறாள். போய் ஐந்து மாதம். வளாகத்துக்கு வெளியே ஓர் அமெரிக்கப் பிள்ளையோடு சேர்ந்து வீடு எடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை அனுமதிப்பத்திரம் எடுத்துக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறாளாம், வகுப்புக்கும் கொண்டுபோகிறாளாம். போன கிழமை வீடியோ கோலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குள் துவக்குக் கொண்டுபோக ஓர் அரசாங்கம் எப்படி விடும்? வேறு வீடு பார்க்கச் சொல்லட்டா?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, விசுவமடுவிலிருந்து 2009 தையில் வெளிக்கிட்டு நடந்த ஒருவருக்குத் துவக்கு என்றதும் வயிறு ஏன் கலங்குகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் பயத்தை வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

இன்றைக்கே மகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாணவர் விசாவில் போனவர்கள் துவக்கு வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவை உங்கள் மகளுக்கு வேண்டாம். "ஒருக்காப் பிடிச்சுப் பார்" என்று தோழி ஆசையாக நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சுடப் பழகுகிற இடத்துக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டாம். படிப்பும் விசாவும் சேர்ந்து போய்விடக் கூடும்.

இனிச் சட்டம். அனுமதிப்பத்திரம் உள்ளவர் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளும் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்பதை 2015இல் டெக்சாஸ் சட்டசபை நிறைவேற்றியது, அது 2016 ஒகஸ்ட் 1 முதல் அரச பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்தது, ஒரு வருடம் கழித்துச் சமூகக் கல்லூரிகளுக்கும் வந்தது. நினைத்தவர் நினைத்தபடி கொண்டுபோகலாம் என்பதல்ல. 2021 செப்டெம்பரிலிருந்து அந்த மாநிலத்துத் தெருவில் அனுமதிப்பத்திரமே இல்லாமல் கைத்துப்பாக்கி காவலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் போவதென்றால் அந்தப் பத்திரம் இன்றும் கட்டாயம். துவக்கு வெளியே தெரியக் கூடாது. சில இடங்களை நிர்வாகம் விலக்கி வைக்கலாம், வளாகம் முழுவதற்கும் தடை போட முடியாது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வேண்டாமென்று சொல்லும் உரிமை இருக்கிறது, பெரும்பாலும் எல்லாமே சொல்லிவிட்டன.

2019இல் நான் ஹூஸ்டனில் தங்கையின் மகன் வீட்டில் மூன்று மாதம் நின்றேன். அவனும் மனைவியும் அந்த நாட்டுப் பிரஜைகள். மருமகள் பகலில் வேலை, இரவில் சமூகக் கல்லூரியில் தாதியர் படிப்பு. வகுப்பு முடிய ஒன்பதரை மணியாகும். கட்டடத்திலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு, எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை இரண்டு தரம் கடக்கிற தூரம். பாதி விளக்குகள் எரியாது. அவள் அனுமதிப்பத்திரத்துக்குப் போன அன்று நானும் கூடப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் காது மூடியோடு இருந்தேன். முதல் வெடிக்கே என் இரண்டு கையும் கதிரை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மூன்று யார், ஏழு யார், பதினைந்து யார் தூரத்திலிருந்து மொத்தம் 50 வெடி. அதற்கு முன் நாலைந்து மணித்தியால வகுப்பு, எழுத்துப் பரீட்சை: எப்போது சுடக் கூடாது, வாய்ச்சண்டையிலிருந்து எப்படி விலகுவது, பிள்ளையுள்ள வீட்டில் எங்கே பூட்டுவது. கைரேகை எடுத்தார்கள், பழைய குற்றம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்தால் செருப்புக் கழற்றுமுன் அவள் அலுமாரிக்குப் போவாள். சின்ன இரும்புப் பெட்டி, நாலு பொத்தான். அது பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளையைத் தூக்குவாள்.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னரும், பத்திரம் உள்ளவர் வளாகத் தெருவில், கார் நிறுத்துமிடத்தில் துவக்கோடு நிற்கலாம். கட்டடக் கதவுக்குள் மட்டும் கூடாது. அப்படியென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் காருக்குள் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும், இருட்டில் திரும்பி வந்து மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும்போதுதான் விபத்து வருகிறது. காருக்குள் கிடப்பதைத்தான் கள்ளன் எடுக்கிறான். இருட்டுக்குள் அந்தத் தூரத்தை நடக்கும்போது கையில் ஒன்றும் இராது. பலசரக்குக் கடையில் நம்பலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணை, வகுப்பறைக் கதவைத் திறந்ததும் நம்ப முடியாது என்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா? சட்டம் கேட்டுப் போராடிய மாணவர்களின் கேள்வி இதுதான். நான் யோசித்துப் பார்த்தேன், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

அவர்கள் விளையாட்டுக்கு இறங்கியவர்கள் அல்ல. 2007 ஏப்ரல் 16 அன்று வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே மாணவர்களுக்குத் துவக்குத் தடை இருந்தது. தடையை மதித்தவர்கள் வாங்குகளை இழுத்துக் கதவுக்கு முண்டு கொடுத்தார்கள், யன்னலால் குதித்தார்கள். அவன் இரண்டு கைத்துப்பாக்கியோடு வந்தான். அந்த வருடமே மாணவர் இயக்கம் ஒன்று தொடங்கியது. அவர்கள் செய்த போராட்டம் இடுப்பில் வெறும் உறையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனது. கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. யூட்டா மாநிலத்தில் பல்கலைக்கழகம் தடை போட முடியாது என்று 2006இலேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. கொலராடோவிலும் 2012இல் மாணவர்கள் வழக்கில் வென்றார்கள்.

மறுபக்கம் எனக்குத் தெரியாததல்ல. 2014இல் ஐடாஹோவில் இதே மாதிரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஒரு விரிவுரையாளரின் காற்சட்டைப் பைக்குள் இருந்த துவக்கு வகுப்பு நடக்கும்போதே வெடித்து அவர் காலைத் துளைத்தது. 2015இல் ஒரிகனில் ஒரு கல்லூரியில் 9 பேர் கொல்லப்பட்டபோது துவக்கோடு இருந்த பழைய இராணுவ வீரர் ஒருவர் வளாகத்திலேயே வேறொரு கட்டடத்தில் இருந்தார். பொலிஸார் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துவிடுவார்கள் என்று அவர் போகவில்லை. அவர் செய்தது சரி. இந்த அனுமதிப்பத்திரம் யாரையும் காவல்காரன் ஆக்குவதில்லை. தன் உயிரைக் காப்பதற்குத்தான் அது. டெக்சாஸில் மூன்று பேராசிரியைகள், துவக்குள்ள வகுப்பில் மனம் திறந்து பேச முடியாது என்று வழக்குப் போட்டார்கள். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 33 வருடம் படிப்பித்தவள் நான். புள்ளி குறைத்த பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பெடியனின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே அவர்களின் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அப்படி ஆத்திரத்தில் வருகிறவன் ஐந்து மணித்தியாலம் வகுப்பிலிருந்து, கைரேகை கொடுத்துவிட்டு வருகிறவனாக இருக்கப் போவதில்லை.

தங்கச்சி, உண்மையில் என்னை உலுக்குவது வேறு. அமெரிக்காவில் துவக்கால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கும் பிள்ளைகள், பரீட்சை, காதல், காசு. எங்கள் ஊர்களில் மருந்துப் போத்தலை எட்டாத இடத்தில் ஒளித்து வைக்கப் பழகியிருக்கிறோமே, அதே விழிப்பு அங்கேயும் வேண்டும். ஆகவே வீடு மாறச் சொல்லுமுன் மகளைத் தோழியிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். விசையை முழுக்க மூடுகிற உறை இருக்கிறதா? வீட்டுக்கு வந்ததும் எந்தப் பெட்டியில் பூட்டுகிறாய், இலக்கம் உனக்கு மட்டும்தானே தெரியும்? எங்கள் இருவரில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் அன்றைக்கே துவக்கை வேறு இடத்துக்கு அனுப்புவாயா? இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பிள்ளை என்றால் அங்கேயே இருக்கட்டும். "உனக்கேன் அது" என்றாலோ, துவக்கு மேசையில் கிடந்ததை மகள் ஒருநாளாவது கண்டிருந்தாலோ, மாத முடிவை எதிர்பார்க்காமல் வீடு மாறட்டும்.

கேள்வி: சென்ற இதழில் "சட்டத்துக்கு உள்ளே இருக்கும் துவக்கைவிட வெளியே இருக்கும் துவக்குக்குத்தான் நான் பயம்" என்று ஒரு வரி எழுதினீர்கள். என்னால் நம்ப முடியவில்லை. எங்களுக்கு மூன்று தரம் இடம்பெயர்ந்து மரத்தடியில் படிப்பித்த நீங்களா இதை எழுதுவது?
- உங்கள் பழைய மாணவி, ஸ்காபரோ

பதில்: நானேதான், மகள். கோபத்தோடு எழுதியிருக்கிறாய், எழுதியது நல்லது.

எங்கள் ஐயாவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்கள் வயல். பன்றிக்கும் யானைக்குமாகக் கச்சேரியில் எடுத்த பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு. வருடா வருடம் பத்திரம் புதுப்பிக்க அவர் வெள்ளை வேட்டி கட்டிப் போவார், கோயிலுக்குப் போகிற மாதிரி. துவக்கு நடு அறைச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கும். தோட்டாக்கள் ஒரு மைலோப் பேணிக்குள், அது அம்மாவின் பெட்டகத்துக்குள், பெட்டகத் திறப்பு அம்மாவின் இடுப்பில். வயலால் வந்ததும் படியில் நின்று குழலை முறித்து, லாம்பு வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள்ளால் பார்ப்பார். எங்களையும் பார்க்கச் சொல்லுவார். மறுமுனையில் வட்டமாய் வெளிச்சம் தெரிந்தால்தான் துவக்கு வீட்டுக்குள் வரும்.

1985இல் ஓர் இரவு நாலு இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்து துவக்கைக் கேட்டார்கள். ஐயா கழற்றிக் கொடுத்தார். வேறென்ன செய்வது? விடியும்வரை திண்ணையில் அந்தப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "இதில நம்பர் கிடக்கு பிள்ளை. அது எங்க, என்ன செய்தாலும் என்ர பேர்தானே" என்றார். துவக்குப் போனதைவிட அந்த நம்பர்தான் அவரை அரித்தது. பிறகு பன்றி வந்தால் தகரம் அடித்தோம். ஆணி இரண்டும் வீடு விழும்வரை சுவரில் இருந்தன.

நீ அறிவாய், என் தம்பியைச் சுட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தத் துவக்குக்கு எவர் பெயரிலும் ஒரு பத்திரம் இருக்கவில்லை. எங்கள் மண்ணில் துவக்குக் குறைந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை, மகள். பேர் எழுதிய துவக்குகள்தான் முதலில் இல்லாமல் போயின, ஐயாவைப் போன்றவர்களிடமிருந்து. அதன் பிறகு வந்ததெல்லாம் யாரும் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத துவக்குகள். அந்த டெக்சாஸ் மாணவர்கள் பேர், கைரேகை, பரீட்சை எல்லாம் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்களில் எனக்கு ஐயாதான் தெரிகிறார்.

கேள்வி: பம்பைமடுவில் படிக்கிறேன். அமெரிக்காவைப் போல எங்கள் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கு அனுமதி கேட்கலாமா?
- வவுனியா பல்கலைக்கழக மாணவன்

பதில்: வேண்டாம் தம்பி. டெக்சாஸ் மாணவர்கள் வாசலுக்கு வெளியே ஏற்கனவே இருந்த ஓர் உரிமையை வாசலுக்கு உள்ளேயும் கேட்டார்கள். எங்களுக்கு வாசலுக்கு வெளியே அப்படி எதுவும் இல்லை. இங்கே இருப்பது 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம். தற்பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், அப்படி வழங்கியவற்றைக்கூட மீளாய்வுக்கு ஒப்படைக்கும்படி 2024 இறுதியில் அமைச்சு கேட்டது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸார் சுட்டதால் செத்த ஊர் இது. பையில் துவக்கிருக்கும் ஒரு தமிழ் மாணவனைச் சோதனைச் சாவடியில் என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேட்க வேண்டியது பம்பைமடு வீதிக்கு விளக்கு, கடைசி வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஒரு பஸ். அதைக் கேட்டு எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

கேள்வி: நாலு ஏக்கர் கச்சானும் சோளமும். பன்றி விடுகுதில்லை. ஆரோ இடியன் துவக்கு ஒன்று செய்து தாறன் எண்டுகினம். வாங்கலாமோ?
- விவசாயி, நெடுங்கேணி

பதில்: தொடாதேங்கோ அண்ணை. அந்த உள்ளூர்க் கள்ளத் துவக்கின் குழல் வெடித்தால் முதலில் போவது உங்கள் கண். பிடிபட்டால் மறியல். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்குச் சட்டப்படியே விண்ணப்பிக்கலாம். காணிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு முதலில் கிராம சேவையாளரிடம் போங்கோ, பிறகு மாவட்டச் செயலகம். பொலிஸ் அறிக்கை எடுப்பார்கள், நாள் இழுக்கும், வருடா வருடம் புதுப்பிக்க வேணும். அதுவரை தகரமும் இரவுக் காவலும்தான். இரைக்குள் ஒளித்து வைக்கிற பன்றி வெடி மட்டும் வைக்காதேங்கோ. எங்கள் ஒழுங்கையில் ஒரு கன்றுத்தாச்சிப் பசு அதைக் கடித்துத் தாடை பிளந்து, தண்ணித் தொட்டிக்கு முன்னால் குடிக்க முடியாமல் ஐந்து நாள் நின்றது.