பேனாவைத் துடைத்த தோழி

கேள்வி: எனக்கு 27 வயது. சிறு வயதிலிருந்தே எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய். இப்போது இரு கைகளிலும் கழுத்திலும். அலுவலகத்தில் தோழியிடம் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை டிஷ்யூவால் துடைத்துவிட்டுத்தான் எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. இரவில் தூக்கமும் இல்லை. "சொறியாதே, எல்லாம் மனசுதான்" என்கிறார் அம்மா. எனக்கு மனசுதான் சரியில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தப் பேனாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எழுத ஓடவில்லை. எக்ஸிமா ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலும் பரவாது, பேனாவாலும் பரவாது. தோலின் ஈரத்தைக் காக்கும் அரண் பலவீனமாக இருப்பதும், உடலின் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிக் கிளர்வதும்தான் இதன் அடிப்படை. ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்துக்கான மரபணுவில் உள்ள மாற்றம் பலருக்கு இதைக் கொண்டுவருகிறது என்று 2006-லேயே கண்டறிந்துவிட்டார்கள்.

அம்மா சொல்வதில் பாதிதான் சரி. மன அழுத்தம் அரிப்பைக் கூட்டும், உண்மை. ஆனால் அரிப்பும் மனதைக் குலைக்கும். இரவில்தான் அது உச்சத்துக்குப் போகிறது, தூக்கம் கெடுகிறது, மறுநாள் எரிச்சல், பதற்றம், அப்புறம் மறுபடி அரிப்பு. எக்ஸிமா உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மனம் பலவீனமானதல்ல, களைத்திருக்கிறது. காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். தூங்கும் கைக்கு "சொறியாதே" என்று யார் சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக, உங்கள் கண்ணுக்கு எட்டாத பிடரியில் களிம்பு தடவிவிடச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

தோல் மருத்துவரிடம் கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை இரவு தூங்கவில்லை, யாரோடு சாப்பிடுவதை நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இதற்கென்றே 1994-ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வந்தது. கடந்த வாரம் வெட்கப்பட்டீர்களா, உடை தேர்ந்தெடுப்பதில் தோல் குறுக்கிட்டதா என்றெல்லாம் கேட்கும். அந்தப் பதில்களைப் பார்த்து சிகிச்சையையே மாற்றலாம்: களிம்பு போதாதென்றால் ஒளி சிகிச்சை உண்டு, புதிய ஊசி மருந்துகள் உண்டு. மனச்சோர்வு விடாமல் பிடித்திருந்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். இதுவும் எக்ஸிமாவுக்கான சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சரி, தோழி? அவளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: "இது எக்ஸிமா, ஒட்டாது. அன்றைக்கு நீ பேனாவைத் துடைத்தது எனக்கு வலித்தது." தெரியாமல் செய்திருந்தால் பதறிப்போவாள். அதற்குப் பிறகும் துடைத்தால், சாப்பிட வேறு மேசைக்குப் போங்கள். தனியாக மட்டும் வேண்டாம்.