பிளாக்காவில் வாங்குவதும் ஏமாறுவதும்: கேள்வி-பதில்

ஏதென்ஸ் நகரில், பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்கு, கிழக்குச் சரிவுகளில் படர்ந்து கிடக்கும் பிளாக்கா என்ற பழைய குடியிருப்புக்குப் போய் வந்தவர்களும் போகவிருப்பவர்களும் எழுதிய கடிதங்கள் இம்முறை மிகுதியாக இருப்பதால், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அவற்றை மட்டும் சுருக்கித் தந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரம் செய்த ஓர் இணையதளத்தில் அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டை ஆளுக்கு 55 யூரோ கொடுத்து நான்கு பேருக்கு வாங்கினோம். அங்கே போனால் மற்ற எல்லோருடனும் வெயிலில் வரிசையில்தான் நின்றோம். சீட்டுடன் கைபேசியில் கேட்கும் ஒலிப்பதிவு ஒன்றும் வந்தது, யாரும் கேட்கவில்லை. ஏமாற்றப்பட்டோமா? – வாசகர், டொரன்டோ

பதில்: ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். குற்றம் உங்களுடையது அன்று. இந்த வியாபாரத்தைப் பற்றி நீண்ட நாட்களாக எனக்குள் இருக்கும் கோபத்தை இங்கே முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஏப்ரல் முதல் அக்ரோபோலிஸுக்கு அரசு வாங்கும் கட்டணம் 30 யூரோ. முன்பு குளிர்காலத்தில் பாதிக் கட்டணம் இருந்தது. இப்போது ஆண்டு முழுவதும் ஒரே கட்டணம்தான். 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் நுழைய வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறார்கள். அதாவது அரசின் மின்சீட்டுத் தளத்தில் 30 யூரோ கொடுத்தவரும், இடைத்தரகரிடம் 55 யூரோ கொடுத்தவரும் தத்தம் நேரத்தில் அதே வாயிலில், அதே பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கிறார்கள். இல்லாத ஒரு சலுகையை விற்பதை மறைப்பதற்காகவே யாரும் கேட்காத அந்த ஒலிப்பதிவு சீட்டுடன் கட்டப்படுகிறது. "நாங்கள் சீட்டை அதிக விலைக்கு விற்கவில்லை, சீட்டும் வழிகாட்டலும் சேர்ந்த தொகுப்பை விற்கிறோம்" என்று அவர்களால் சொல்ல முடிவது அதனால்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு பொதுச்சொத்தைக் காட்டி, அதன் பராமரிப்புக்கு ஒரு காசும் தராத ஒருவர் உங்கள் குடும்பத்திடமிருந்து 100 யூரோவைக் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்தைக் குறைக்க உண்மையில் உதவும் வழிகளுக்குக் காசு தேவையில்லை. காலையில் திறக்கும் நேரத்துக்கான சீட்டைச் சில வாரங்கள் முன்பே எடுப்பதும், மேற்கே உள்ள முதன்மை வாயிலை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தின் பக்கம் உள்ள தென்கிழக்கு வாயிலால் நுழைவதும் போதும். அந்த வழியில் பழங்கால நாடக அரங்கமான டியோனிசஸ் அரங்கத்தையும் பார்த்தபடி மேலே ஏறலாம். அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். ஏழு தொல்லியல் இடங்களுக்குச் சேர்த்து 30 யூரோவுக்கு அரசு விற்ற கூட்டுச்சீட்டு 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது என்பதையும், இன்னும் அதைச் சொல்லி ஆசை காட்டும் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வழிகாட்டிகளை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரேக்கத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் முறையாகப் படித்துத் தேறியவர்கள். அவர்களுள் ஒருவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

உங்கள் பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. விளம்பரப் பக்கத்தின் படம் கைவசம் இருந்தால், வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று முதலில் விற்றவருக்கும், பதில் வராவிட்டால் உங்கள் கடன் அட்டை வங்கிக்கும் எழுத்தில் முறையிடுங்கள்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழும் நாங்கள் இருவரும் ஒரு வாரம் ஏதென்ஸில் தங்குகிறோம். எல்லா இடங்களுக்கும் சீட்டு வாங்க இயலாது. காசில்லாமல் எதைப் பார்க்கலாம்? – வாசகி, சென்னை

பதில்: பிளாக்காவின் பெரும்பகுதியைப் பார்க்கலாம் அம்மா. கி.மு. 334-இல் நாடகக் குழுவுக்குப் பொருளுதவி செய்த ஒருவர் தம் வெற்றியின் நினைவாக எழுப்பிய லிசிகிரடீஸ் நினைவுச்சின்னம் தெருவோரச் சதுக்கத்திலேயே நிற்கிறது. ரோமானிய அகோரா என்ற பழைய சந்தைவெளியையும் அங்குள்ள எண்கோண வடிவக் காற்றுக் கோபுரத்தையும் வேலிக்கு வெளியே நின்றே நன்றாகப் பார்க்கலாம். அரியோபாகஸ் பாறைக்கும் பிலோபாப்பஸ் குன்றுக்கும் கட்டணம் கிடையாது. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அனாஃபியோத்திக்காவைத் தவறவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மன்னர் ஒட்டோ காலத்தில் கட்டட வேலைக்காக அனாஃபி தீவிலிருந்து வந்த தொழிலாளர்கள், தங்கள் ஊரில் கட்டுவது போலவே சுண்ணாம்பு பூசிய சிறு வீடுகளைக் கட்டிக்கொண்ட இடம் அது. அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் குரலைத் தாழ்த்தி நடக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறன்றும், மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28 ஆகிய நாட்களிலும், செப்டம்பரின் கடைசிச் சனி, ஞாயிறிலும் அரசுத் தொல்லியல் இடங்களில் அனைவருக்கும் இலவச அனுமதி உண்டு. உங்கள் பயணத்தை அந்த நாட்களில் ஒன்றைச் சேர்த்து அமைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: அட்டை இயந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்கிறது. எதை அழுத்துவது? – வாசகர், மதுரை

பதில்: யூரோ. பணம் எடுக்கும் இயந்திரத்திலும் அதுவே.

கேள்வி: பிளாக்காவில் தவேர்னா என்ற சிற்றுணவகம் ஒன்றில் "இன்று பிடித்த மீன்" என்று பணியாளர் பரிந்துரைத்ததை வாங்கிச் சாப்பிட்டோம். ரசீதில் மீனுக்கு மட்டும் 84 யூரோ. கேட்டதற்குக் கிலோ கணக்கு என்றார்கள். ரொட்டிக்கும் தனியாகப் போட்டிருந்தார்கள். இது கொள்ளை அல்லவா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: உணவுப்பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். கிரேக்க உணவகங்களில் முழு மீனைக் கிலோ விலைக்கு விற்பது வெளிப்படையான, பழைய வழக்கம். பட்டியலிலும் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். மீனைக் காட்டச் சொல்லி, எடையிடச் சொல்லி, அந்த ஒரு மீனுக்கு எத்தனை யூரோ என்று கேட்ட பிறகே அடுப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். உறைபதன மீன் என்றால் பட்டியலில் அதற்குக் குறியீடு இருக்க வேண்டும்; அதையும் பார்த்துக்கொள்ளலாம். ரொட்டிக்கான சிறு தொகையும் பட்டியலில் இருப்பதே. வேண்டாம் என்றால் மேசையில் வைத்தவுடனே திருப்பி அனுப்பியிருக்கலாம். விலை கேட்பது கௌரவக் குறைவு என்று எண்ணிக்கொண்டு உண்டுவிட்டுப் பிறகு கொள்ளை என்று கூறுவது அந்த உணவகத்துக்கு நியாயமாகாது. ரசீது தராமல் துண்டுத்தாளில் தொகை எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு: முறையான ரசீது பெறாத நுகர்வோர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அந்நாட்டுச் சட்டம், அந்த அறிவிப்பு ஒவ்வோர் உணவகத்திலும் இருக்க வேண்டும். உங்களுக்கு ரசீது தந்திருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். கிரேக்க உணவு என்றாலே இறைச்சிதானே? பட்டினி கிடக்க வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். கிரேக்கத்தின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்திய பெருநோன்பிலும் ஆண்டின் வேறு பல நாட்களிலும் இறைச்சி, முட்டை, பால்பொருள் எதுவும் இல்லாமல் உண்டு பழகியதால், அந்தச் சமையலில் நமக்கு ஏற்றவை ஏராளம். ஆலிவ் எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக வேகவைத்த காய்கறிகளான "லதெரா", அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சையான "யிகாந்தெஸ்", மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்துச் செய்யும் "ஃபாவா", வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்த "ஹோர்த்தா" ஆகியவற்றைக் கேளுங்கள். "நிஸ்திசிமோ" என்றால் நோன்பு உணவு. ஆனால் கணவாய், சாக்குக்கணவாய், சிப்பி போன்றவை நோன்பில் அனுமதிக்கப்பட்டவை என்பதால் அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. முசாக்காவில் கொத்திய இறைச்சி இருக்கும். அரிசி அடைத்த தக்காளி, திராட்சை இலைச் சுருள் ஆகியவற்றை இறைச்சியோடும் இல்லாமலும் செய்வார்கள், ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெட்டா என்ற பாலாடைக்கட்டியை மரபான முறையில் செய்யும்போது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வது வழக்கம் என்பதையும் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: தனியாகப் போயிருந்தேன். மாலையில் ஒருவர் நட்பாகப் பேசி, நண்பரின் மதுக்கூடம் என்று அழைத்துப் போனார். இரண்டு பெண்கள் வந்து அமர்ந்தார்கள். வெளியேறும்போது 600 யூரோ கேட்டு, கதவருகே இரண்டு பேர் நின்றார்கள். அட்டையில் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. – மாணவர், ஜெர்மனி

பதில்: தம்பி, நீங்கள் வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. தனியாக வரும் ஆண்களைக் குறிவைத்து ஏதென்ஸ் மையப்பகுதியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் திட்டமிட்ட மோசடி இது. உங்களைவிட வயதும் அனுபவமும் மிகுந்தவர்கள் இதில் சிக்கியிருக்கிறார்கள். மிரட்டலுக்கு உட்பட்டுப் பணம் கட்டியதால் நீங்கள் கோழையும் ஆகிவிடவில்லை; பத்திரமாக வெளியே வந்ததே முக்கியம். இன்றே வங்கியை அழைத்து அட்டையை முடக்கி, மிரட்டிப் பெறப்பட்ட தொகை என்று எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். நாள், நேரம், தெரு, ரசீதில் இருந்த பெயர் அனைத்தையும் எழுதி வைத்துக் காவல் துறையில் புகார் பதிவு செய்யுங்கள். வங்கி அந்தப் புகாரின் நகலைக் கேட்கக்கூடும். கிரேக்கத்தில் இருக்கும்போதே இப்படி நேர்ந்தால் சுற்றுலாக் காவல் துறையின் எண் 1571. உயிருக்கு ஆபத்து என்றால் 112. வீட்டில் சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

கேள்வி: பிளாக்காவை அடுத்த மொனாஸ்திராக்கிச் சந்தைப் பகுதியில் ஒருவர் "அசல் பழங்காலக் காசு" என்று 40 யூரோவுக்குத் தருகிறார். வாங்கலாமா? – வாசகர், கொழும்பு

பதில்: போலி என்றால் 40 யூரோ நட்டம், அசல் என்றால் உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 2002-ஆம் ஆண்டின் 3028-ஆம் எண் சட்டப்படி குற்றம். வாங்காதீர்கள்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுவர ஆலிவ் எண்ணெயும் ஃபெட்டாவும் வாங்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, திருச்சி

பதில்: அழகான சீசாவைக் கவனிக்காதீர்கள். பழங்காலச் சாடியின் வடிவில், நிறமற்ற கண்ணாடியில், நினைவுப்பொருள் கடை ஒன்றின் வெயில் படும் சன்னலில் அடுக்கியிருந்த எண்ணெயை நான் வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தபோது சிக்கு வாடை அடித்தது. ஒளியும் வெப்பமும் ஆலிவ் எண்ணெயைக் கெடுப்பவை. தகர டின்னிலோ கருநிறச் சீசாவிலோ உள்ள, அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத "எக்ஸ்ட்ரா வெர்ஜின்" வகையை, அறுவடை ஆண்டு அச்சிட்டிருப்பதாகப் பார்த்து, உள்ளூர் மக்கள் வாங்கும் பேரங்காடியில் வாங்குங்கள். பிளாக்காவின் நினைவுப்பொருள் கடைகளில் வேண்டாம்.

ஃபெட்டா என்ற பெயர் 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத்துக்கு மட்டும் உரியது. குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பாலும் மீதி வெள்ளாட்டுப் பாலும் சேர்த்து, குறைந்தது இரண்டு மாதம் பதப்படுத்தியிருக்க வேண்டும். பசும்பாலில் செய்த வெள்ளைப் பாலாடைக்கட்டி விலை குறைவாகத் தெரியும். அது ஃபெட்டா அன்று. காற்று நீக்கி அடைத்த பொட்டலமாக, சிவப்பும் மஞ்சளுமான பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர் முத்திரையுடன் உள்ளதை, புறப்படும் நாளில் வாங்குங்கள். இரண்டையும் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் எண்ணெயை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: பழங்காலக் கிரேக்கப் பாணியில் கறுப்பு உருவங்களைக் கையால் தீட்டிய சாடி என்று வாங்கினேன். உண்மையா என்று எப்படி அறிவது? – வாசகர், சூரிச்

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தூரிகைத் தடமும் கோட்டின் கனத்தில் சிறு ஏற்ற இறக்கமும் இருந்தால் கைவேலை. எல்லாம் ஒரே சீராக, ஓரத்தில் மெல்லிய படலம் தெரிந்தால் ஒட்டிய அச்சுப்படம். நான் கைவேலைக்குரிய விலை கொடுத்து வாங்கிய கோப்பையில் நகம் பட்டதும் வீரனின் கேடயம் உரிந்து வந்தது. கைவேலை என்று ரசீதில் எழுதித் தருமாறு கேளுங்கள். உண்மையாகத் தீட்டும் பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். தயங்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.