வேலையை விடாமல் டி.பி.ஏ.: கேட்டவையும் சொன்னவையும்

பதில் சொல்பவர் சென்னைக்காரர். உற்பத்தித் துறையில் நிர்வாகியாக இருந்துகொண்டே ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் டி.பி.ஏ. (டாக்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம்) முடித்தவர்.

சார், பிஎச்.டி.யை விட டி.பி.ஏ. சுலபம் என்கிறார்களே, நிஜமா? (ஓசூர், பிளாண்ட் ஹெட்)

அப்படிச் சொன்னவர் ஒன்று படிக்காதவர், இல்லையென்றால் சீட் விற்பவர். இரண்டிலும் தீசிஸ் (ஆய்வேடு) உண்டு, வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டு. இங்கிலாந்தில் இரண்டுமே எட்டாம் நிலை, அதாவது மிக உயர்ந்த நிலைப் பட்டங்கள்தான். கேள்வி எங்கே பிறக்கிறது என்பதுதான் வித்தியாசம். பிஎச்.டி. மாணவர் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, யாரும் தொடாத இடத்தைத் தேடுவார். டி.பி.ஏ.வில் நீங்கள் ஆபீஸில் தீராத ஒரு தலைவலியோடு போய் உட்காருவீர்கள். கடைசியில் தேர்வாளர் கேட்பது இரண்டு: இந்தத் துறையின் அறிவுக்குப் புதிதாக என்ன சேர்த்தீர்கள், தொழில் நடப்பில் என்ன மாறும்.

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹார்வர்டு பல காலம் கொடுத்த டி.பி.ஏ., பேராசிரியர்களை உருவாக்கும் முழுநேர ஆய்வுப் பட்டம். அமெரிக்காவில் வேலையில் இருக்கும் நிர்வாகிகளுக்கென்றே வந்த முனைவர் படிப்புகளில் முன்னோடி, கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கியது. தொடங்கியபோது அதன் பெயரில் டி.பி.ஏ. என்பதே கிடையாது.

ஒரு எட்-டெக் கம்பெனியிலிருந்து தினமும் போன். வெளிநாட்டுப் பல்கலைக்கழக டி.பி.ஏ., முழுக்க ஆன்லைன், இந்தியாவிலும் செல்லும் என்கிறார்கள். சேரலாமா? (சென்னை, வங்கி அதிகாரி)

அந்த ‘இந்தியாவிலும் செல்லும்’ என்பதை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போன் செய்வதை நிறுத்திவிடுவார்கள். எட்-டெக் நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தரும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி.யும் (பல்கலைக்கழக மானியக் குழு) ஏ.ஐ.சி.டி.இ.யும் (தொழில்நுட்பக் கல்விக் குழு) 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. டி.பி.ஏ.வை விற்பவர்கள் ‘இது பிஎச்.டி. இல்லையே’ என்று நழுவுவார்கள். சரி, பிஎச்.டி. இல்லையென்றால் பிஎச்.டி. கேட்கும் கல்லூரி வேலைக்கு அது எப்படி உதவும்? அதையும் அவர்களிடமே கேளுங்கள்.

ரிட்டயர் ஆனபின் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசை இருந்தால் இந்தியாவிலேயே பகுதிநேர பிஎச்.டி. செய்யுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், வழக்கமான உச்சவரம்பு ஆறு வருடம். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதில் அனுமதி என்ற ஒரு வரி போதாது. ஆய்வுக்கு நேரம் ஒதுக்க உங்கள் வேலை இடம் கொடுக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க உங்களை விடுவிப்போம் என்றும் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போட ஹெச்.ஆர். தயங்குவது இந்த மூன்றாவது வரியில்தான். நிர்வாகிகளுக்கென்றே ஹைதராபாத் ஐ.எஸ்.பி., ஐ.ஐ.எம். லக்னோ போன்ற இடங்களில் ஈ.எஃப்.பி.எம். (எக்ஸிக்யூட்டிவ் ஃபெல்லோ புரோகிராம் இன் மேனேஜ்மென்ட்) இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அண்ணா, எனக்கு 49. லேட்டா? (துபாய்)

இல்லை.

நாங்கள் பம்ப் தயாரிக்கிறோம். டீலர்கள் ஆர்டர் போட ஆப் செய்து கொடுத்தோம், யாரும் தொடுவதில்லை. இதைத் தலைப்பாக எடுக்கலாமா? (கோவை, சேல்ஸ் ஹெட்)

தாராளமாக. ஆனால் ‘டீலர்களை ஆப் பயன்படுத்த வைப்பது எப்படி’ என்று கேட்டால் அது கன்சல்டன்ட் கேள்வி. மூன்று மாதத்தில் ஒரு பி.பி.டி.யோடு முடிந்துவிடும்.

முதலில் டீலர் கடையில் போய் உட்காருங்கள். இன்று அவர் எப்படி ஆர்டர் போடுகிறார்? உங்கள் ரெப்புக்குப் (விற்பனைப் பிரதிநிதிக்கு) போன் செய்து, “தம்பி, பழைய பாக்கி அடுத்த வாரம் வந்துடும், இருபது பம்ப்பை ஏத்திவிடு” என்கிறார். ரெப்பும் ஏற்றிவிடுகிறார். அதே ஆர்டரை ஆப்பில் போட்டால், பாக்கி இருப்பதைப் பார்த்து சிஸ்டம் தடுத்துவிடும். உங்களுக்கு ஆப் வசதி. அவருக்கோ, பேசிப் பேசிச் சம்பாதித்த கடன் அவகாசம் கையைவிட்டுப் போகிற சமாசாரம்.

இப்போது நூலகத்துக்கு வாருங்கள். ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்றதும் எல்லோரும் முதலில் எடுப்பது 1989-இல் ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் தந்த மாடல்: பயன் இருக்கிறது என்று தோன்றுகிறதா, சுலபம் என்று தோன்றுகிறதா. அதை வைத்துக் கேள்வித்தாள் அடித்து டீலர்களிடம் டிக் வாங்கியிருக்கும் தீசிஸ்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன, நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டாம். உங்கள் டீலருக்கு ஆப் சுலபமாகவும் இருக்கலாம், பயனுள்ளதாகவும் தோன்றலாம், ஆனாலும் தொடமாட்டார். கடனும் பழக்கமும் பின்னிக் கிடக்கும் வியாபாரத்தில் அந்த மாடல் எங்கே நின்றுபோகிறது என்று காட்டுங்கள். ஆய்வு அங்கேதான் இருக்கிறது. கிரெடிட் விதியை மாற்றிப் பார்த்து என்ன நடக்கிறது என்று பதிவு செய்தால் இன்னும் வலு. அதைச் செய்ய அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் இல்லை.

என் டீமையே பேட்டி எடுக்கலாமா சார்? (பெங்களூரு, ஐ.டி. டெலிவரி ஹெட்)

உங்கள் கேபினில் உட்காரவைத்துக் கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் போகுது சார்” என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்? அவர்களின் அப்ரைசல் உங்கள் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் கமிட்டி முதலில் பிடிப்பதும் இதைத்தான்.

நேரடியாக உங்களுக்கு ரிப்போர்ட் செய்பவர்களை விட்டுவிட்டு வேறு யூனிட்டுக்குப் போங்கள். அது முடியாவிட்டால் சம்பந்தமில்லாத ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொல்லி, பெயர் நீக்கிய எழுத்துப் பிரதியை மட்டும் வாங்குங்கள். சம்மதப் படிவத்தில், மறுத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை, பாதியில் விலகலாம் என்று இருக்க வேண்டும். அப்ரைசல் மாதங்களில் படிவத்தை நீட்டவே நீட்டாதீர்கள். ரெக்கார்டிங்கை ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதீர்கள், ஐ.டி. அட்மின் கண்ணில் படும்.

இன்னொன்று. தீசிஸில் ‘கம்பெனி அ’ என்று எழுதிவிட்டால் மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது, லிங்க்ட்இன்னில் உங்கள் கம்பெனி இருக்கிறது. ‘தென் மண்டல ஃபைனான்ஸ் மேனேஜர், பெண்’ என்று எழுதினால் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் யார் என்று தெரியும். பதவியையும் ஊரையும் சேர்த்து எழுதாதீர்கள். சில வருடம் தீசிஸை வெளியிடாமல் வைக்கும் வசதி பல இடங்களில் உண்டு, விண்ணப்பித்துவிடுங்கள்.

நேரத்துக்கு என்ன வழி? (கொழும்பு, ஏற்றுமதி நிறுவன இயக்குநர்)

வாரத்துக்கு 12, 15 மணி நேரம் இல்லாமல் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் நழுவிவிடுகிறார்கள், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் என்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் வகுப்பு, கெடு, கூடப் படிப்பவர்கள் என்று ஓடிவிடும். வகுப்பு முடிந்து தனியாக எழுத ஆரம்பிக்கும்போதுதான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். அப்போது மாதம் ஒருமுறையாவது துரத்திக் கேட்கும் சூப்பர்வைசர் வேண்டும். சேருமுன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிப்பாருங்கள். பெரிய பெயர் இருக்கிறது, மெயிலுக்குப் பதில் வராது என்றால் வேண்டாம்.

தீசிஸ் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்களாமே? (பெயர் வேண்டாம்)

இருக்கிறார்கள். வைவாவில் அவர்கள் வரமாட்டார்கள்.

கம்பெனியே ஃபீஸ் கட்டுகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? (சென்னை, ஆட்டோ உதிரிபாகம்)

வாங்கிக்கொள்ளுங்கள், பாண்டைப் படித்துவிட்டு. படிப்பு முடிந்து எத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் முழுத்தொகையா, மீதி வருடத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், டேட்டா அனுமதிக் கடிதம். எந்த விவரங்கள், எந்தக் காலத்துக்கு உரியவை, நீங்கள் ராஜினாமா செய்தாலும் அந்த அனுமதி செல்லுமா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். உங்கள் மேலதிகாரி வாயால் சொன்னது அவர் மாற்றலாகிப் போகும் வரைதான். கையெழுத்து லீகல் டிபார்ட்மென்டிலிருந்து வரட்டும்.